தம்பதியருக்கான வைக்கிங் உடை: பழைய துணியா, புதுத் தையலா, ஃபோம் கவசமா?

செப்டம்பர் முடியும் தறுவாயில் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரே கேள்வி எழுகிறது. அக்டோபர் 31 இரவு வரும் ஹாலோவீன் வேடத் திருநாளுக்குக் கணவனும் மனைவியும் வைக்கிங் (பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) வேடமிடுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கடையில் பொதியாக விற்கும் மெல்லிய பாலியஸ்டர் உடை வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்வோம் என்பதிலும் உறுதியாக இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் அக்டோபரின் முதல் இரண்டு வாரங்களை இழந்துவிடுகிறார்கள்.

நானும் என் கணவரும் டொரன்டோவில் மூன்று ஆண்டுகள் இந்த வேடத்தைப் போட்டிருக்கிறோம். முதல் ஆண்டு ஃபோம் தகடுகளை வெட்டிக் கவசம் செய்தோம். அடுத்த ஆண்டு திரிஃப்ட் கடைகளில் வாங்கிய பழைய உடைகளை மாற்றி அமைத்தோம். மூன்றாம் ஆண்டு லினனும் (ஆளிநார்த் துணி) கம்பளியும் வாங்கி முழுவதையும் தைத்தோம். மூன்றையும் உடுத்தி நடந்து, உட்கார்ந்து, குளிரில் நின்று பார்த்த பிறகு, எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. அதையே இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலோர் முதலில் கேட்பது செலவைத்தான். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது குளிரைப் பற்றி. டொரன்டோவில் அக்டோபர் 31 மாலை வெப்பம் பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும். மழையும் காற்றும் சேர்ந்துகொள்வது அரிதன்று. குழந்தைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் பெற்றோர் இரண்டு மணி நேரமாவது வெளியில் நிற்க வேண்டும். உடை குளிரைத் தாங்காவிட்டால் அதன்மேல் குளிர்கால ஜாக்கெட்டை மாட்ட வேண்டியதாகிவிடும். மூன்று வார உழைப்பு அதற்குள் மறைந்துபோகும். ஆகவே, வேடமே குளிர் தாங்கும் ஆடையாகவும் இருக்கிறதா என்பது முதல் அளவுகோல்.

இரண்டாவது, அசைவு. காரில் இருக்கைப் பட்டை போட முடிய வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், இரு கைகளாலும் தட்டை ஏந்திச் சாப்பிட வேண்டும், உதவியின்றிக் கழிவறைக்குச் சென்றுவர வேண்டும். மூன்றாவது, நேரம். இருவர் உடை என்பதால் நேரம் இரட்டிக்கும். அந்த நேரம் இருவரில் யாருடையது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தையல் தெரிந்த ஒருவரே இரண்டு உடைகளையும் தைத்து முடிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது, அது நியாயமும் இல்லை. நான்காவது, செலவு, கருவிகளுக்கு ஆகும் தொகையும் அதில் அடங்கும். ஐந்தாவது, இருவரும் அருகருகே நிற்கும்போது ஒரே காலத்தையும் ஊரையும் சேர்ந்தவர்களாகத் தோன்றுகிறார்களா என்பது. கடைசியாக, நவம்பர் முதல் நாளுக்குப் பிறகு அந்த உடை என்னவாகும் என்பது.

## பார்த்தவுடன் வைக்கிங் என்று தெரிய எது வேண்டும்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், ‘கொம்பு வைத்த தலைக்கவசம் இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது’ என்ற அச்சமே பலரை ஃபோம் வழிக்குத் தள்ளுகிறது.

வைக்கிங் காலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் தாக்கப்பட்டதிலிருந்து 1066இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் போர் வரையுள்ள காலம். அந்தக் காலத்தைச் சேர்ந்த கொம்பு வைத்த தலைக்கவசம் ஒன்றுகூட அகழாய்வில் கிடைக்கவில்லை. டென்மார்க்கின் வெக்ஸோ என்னுமிடத்தில் 1942இல் கிடைத்த கொம்புக் கவசங்கள் வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் முந்தியவை. இன்று நாம் மனத்தில் வைத்திருக்கும் கொம்புருவம் பரவியதற்குப் பெரிய காரணம், 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத் தொடர் அரங்கேறியபோது கார்ல் எமில் டோப்லர் வடிவமைத்த மேடை உடைகள். முழுமைக்கு நெருக்கமாகக் கிடைத்த மிகச் சில தலைக்கவசங்களுள் ஒன்று நோர்வேயின் யெர்முண்ட்புவில் 1943இல் எடுக்கப்பட்டது: வட்டமான இரும்புத் தொப்பியும் கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற காப்பும் கொண்டது, கொம்பில்லாதது.

இரும்புக் கவசமும் சங்கிலிச் சட்டையும் செல்வம் உள்ளவர்களுக்கே வாய்த்தன. பெரும்பாலான ஆண்கள் உடுத்தியது முழங்கால் வரை தொங்கும் கம்பளி அல்லது லினன் நெடுஞ்சட்டை, கால்சட்டை, தோல் வார், தோளில் ஊசியால் குத்திய சதுரப் போர்வை ஆகியவற்றை. பெண்கள் நீண்ட லினன் உள்ளாடையின் மேல் தோள்வார் வைத்த ஓர் உடையை அணிந்து, அந்த வார்களை மார்பின் இருபுறமும் ஆமை ஓடு போல் குவிந்த இரண்டு நீள்வட்டப் புரூச்சுகளால் (அலங்கார ஆடை ஊசிகள்) மாட்டி, இடையே மணிமாலைகளைத் தொங்கவிட்டார்கள். சுவீடனின் பிர்கா நகரக் கல்லறைகளில் இத்தகைய புரூச் இணைகள் பல கிடைத்திருக்கின்றன. மனைவியின் தோளில் அந்த இரண்டு புரூச்சுகளும் கணவரின் வலத்தோளில் குத்திய போர்வையும் இருந்தால், கொம்பு இல்லாமலேயே வைக்கிங் தோற்றம் வந்துவிடுகிறது. நாங்கள் துணியால் மட்டும் உடுத்திச் சென்ற ஆண்டுகளில் எங்களை யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கும் கையிலிருந்த வட்டக் கேடயம் பதில் சொல்லிவிட்டது.

## முதல் வழி: பழைய துணிகளை மாற்றி அமைத்தல்

இதற்கு வேண்டியவை நான்கே: ஒரு தடித்த கம்பளிப் போர்வை அல்லது இரண்டு, தளர்வான பருத்தி அல்லது லினன் சட்டைகள், ஒரு நீண்ட முழுக்கைக் கவுன், சில தோல் வார்கள். திரிஃப்ட் கடைகளில் இவை எல்லாம் அக்டோபர் தொடக்கத்தில் எளிதாகக் கிடைக்கின்றன; மாதக் கடைசியில் போர்வைகளும் வார்களும் தீர்ந்துவிடும். ஆண்கள் பிரிவில் இரண்டு அளவு பெரிய காலரில்லாச் சட்டை கிடைத்தால், பொத்தான் வரிசையைத் தைத்து மூடி, கீழே வேறு துணியால் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டுப்போட்டு முழங்கால் வரை நீட்டலாம். பெண்ணின் தோள்வார் உடைக்குத் தடித்த திரைச்சீலை நல்ல துணி: உடலைச் சுற்றிக் குழல் போல் தைத்து, அதே துணியில் இரண்டு வார்களை வைத்துவிட்டால் முடிந்தது.

இந்த வழியின் பெரும்பலம், குளிர் தாங்கும் பொருள் மிகக் குறைந்த விலையில் கிடைப்பது. 150 சென்டிமீட்டருக்கு 200 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பளிப் போர்வையை வெட்டவே வேண்டாம். மடித்துத் தோளில் போட்டு வலத்தோளில் ஊசி குத்தினால் அதுவே வைக்கிங் போர்வை. அந்த வழக்கத்தின் நோக்கம் வாளேந்தும் வலக்கையை விடுவித்து வைப்பது. 922ஆம் ஆண்டு வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் எனப்பட்ட வைக்கிங் வணிகர்களை நேரில் கண்ட அரபுத் தூதர் இப்னு ஃபட்லான், ஆண்கள் உடலின் ஒரு பக்கத்தை மூடி ஒரு கையை வெளியில் விடும் ஆடையை அணிந்திருந்ததாக எழுதியிருக்கிறார். குழந்தையின் இனிப்புப் பையையும் குடையையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிய பெற்றோருக்கும் அந்த அமைப்பு அப்படியே உதவுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. முதலாவது, அலைச்சல். ஒரே கடையில் எல்லாம் கிடைக்காது. நாங்கள் நான்கு கடைகள் ஏறி இறங்கினோம், அதற்கே ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று. இரண்டாவது, துணி எதுவென்று தெரியாமல் வாங்குவது. கம்பளி போல் தோன்றும் போர்வைகளில் பல அக்ரிலிக். பூசணி விளக்குகளும் மெழுகுவர்த்திகளும் வாசலெங்கும் இருக்கும் இரவில் இந்த வேறுபாடு முக்கியமானது: கம்பளி எளிதில் தீப்பற்றாது, அக்ரிலிக் விரைவில் பற்றி உருகித் தோலில் ஒட்டும். அடையாளச் சீட்டு இல்லாவிட்டால், வீட்டில் ஓர் இழையை உருவிக் கழுவுதொட்டியின் மேல் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் மணத்துடன் நொறுங்கும் சாம்பலானால் கம்பளி; கெட்டியான மணியாக உருண்டால் செயற்கை இழை. மூன்றாவது, சாயம். வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்குவது பருத்தியில் நன்றாக வரும், பாலியஸ்டர் கலந்த விரிப்பில் வராது. பருத்தியிலும்கூட, தைத்த நூல் பாலியஸ்டராக இருந்தால் துணி நிறம் மாறித் தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

எங்களுக்கு இந்த வழியில் இருவருக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 80 டாலரும், கடை அலைச்சல் நீங்கலாகப் பதினைந்து மணி நேரமும் ஆயின. தையல் இயந்திரம் இல்லாதவர்கள், அக்டோபர் நடுவில்தான் முடிவெடுத்தவர்கள், ஒரே ஒரு மாலைக்கு மட்டும் உடை வேண்டுவோர் ஆகியோருக்கு இதுவே சரியான வழி. உயரம் மிகுந்தவர்களும் பருமனானவர்களும் மட்டும் சற்று யோசிக்க வேண்டும். அவர்கள் அளவில் பழைய சட்டை கிடைப்பது கடினம், ஒட்டுப்போடும் வேலை புதிதாகத் தைப்பதைவிடக் கூடிவிடும்.

## இரண்டாம் வழி: துணி வாங்கித் தைத்தல்

‘எனக்குத் தையல் அவ்வளவாகத் தெரியாது’ என்று இந்த வழியைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வைக்கிங் கால உடையின் வெட்டு அவர்களுக்கு நம்பிக்கை தர வேண்டும். துணி கைத்தறியில் நெய்யப்பட்ட காலம் அது. ஒரு விரற்கடையும் வீணாகக் கூடாது என்பதற்காக, நெடுஞ்சட்டையின் பகுதிகள் எல்லாம் நீள்சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் சிறு சதுரங்களாகவும் வெட்டப்பட்டன. பிளவுஸ் தைப்பதற்கு வேண்டிய கழுத்து வளைவும் கைக்குழி வளைவும் உடலோடு பொருந்தப் பிடிக்கும் டார்ட் மடிப்பும் இதில் இல்லை. கழுத்துக்கு ஒரு சிறு வட்டமும் முன்னே ஒரு நேர்ப்பிளவும் போதும். நேர்க்கோட்டில் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள் இதைத் தைத்துவிடலாம்.

நடுத்தர உடலுள்ள ஆணுக்கு நான் வெட்டிய அளவு இது. உடலுக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் 105 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு துண்டுகள். கைகளுக்குத் தோளருகே 50 சென்டிமீட்டர் அகன்று மணிக்கட்டில் குறுகும், 60 சென்டிமீட்டர் நீளமான இரண்டு துண்டுகள். நடக்கும்போது விரிவதற்காக இடுப்பிலிருந்து கீழே செருகும் நான்கு முக்கோணங்கள். அக்குளில் 15 சென்டிமீட்டர் சதுரங்கள் இரண்டு. அக்குள் சதுரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது முழுச் சட்டையும் மேலே ஏறும், அல்லது தையல் கிழியும். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் இதற்கு இரண்டரை மீட்டர் தேவை. பெண்ணின் உள்ளாடைக்கு மூன்று மீட்டர், தோள்வார் உடைக்கு இரண்டு மீட்டர். கால்சட்டையைத் தைக்க வேண்டியதில்லை: வீட்டிலிருக்கும் அடர்நிறத் தளர்ந்த கால்சட்டையின் மேல், ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள கம்பளிப் பட்டையைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிவிட்டால் போதும். தற்காலக் காலணியின் மேற்பகுதியையும் அது மறைத்துவிடும்.

துணியை வெட்டுவதற்கு முன் ஒரு முறை துவைத்து உலர்த்திவிடுங்கள். லினன் முதல் சலவையில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் சரிசெய்ய வழியில்லை. நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பும் கரும்பழுப்பும்தான் வைக்கிங் நிறங்கள் என்ற எண்ணம் திரையிலிருந்து வந்தது. அவர்கள் மஞ்சிட்டி இன வேரில் சிவப்பையும், வோட் என்னும் செடியின் இலையில் நீலத்தையும் எடுத்துச் சாயமேற்றினார்கள். செங்கல் சிவப்பு, மங்கிய நீலம், கடுகு மஞ்சள், சாயமேற்றாத கம்பளியின் சாம்பல் நிறம் ஆகியவற்றுக்குள் தேர்ந்தெடுத்தால் எதுவும் உறுத்தாது.

தமிழ் வீடுகளில் இருக்கும் ஒரு பொருள் இந்த வழியில் மிக அழகாகப் பொருந்துகிறது. பிர்காவின் செல்வர் கல்லறைகளில், வெள்ளி, பொன் இழைகள் கோத்து நெய்த குறுகிய நாடாக்கள் ஆடையின் விளிம்புகளில் கிடைத்துள்ளன. நோர்வேயின் ஓசெபர்க் கப்பலில் 834ஆம் ஆண்டு இரண்டு பெண்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள்; 1904இல் தோண்டப்பட்ட அந்தக் கப்பலில் கிழக்கிலிருந்து வந்த பட்டும் கிடைத்தது, அது மெல்லிய பட்டைகளாக நறுக்கி ஆடையில் ஓரம் வைக்கப்பட்டிருந்தது. கிழிந்துபோய்ப் பெட்டியில் கிடக்கும் பட்டுப்புடவையின் குறுகிய சரிகைக் கரையைப் பிரித்து, கணவரின் கழுத்துப் பிளவிலும் மணிக்கட்டிலும், மனைவியின் தோள்வார் உடையின் மேல்விளிம்பிலும் வைத்தேன். இரண்டு உடைகளையும் ஒன்றாகச் சேர்த்தது அந்தச் சரிகைதான். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கரையாகப் பாருங்கள். அகன்ற மயில், யாளிக் கரைகள் கண்ணுக்கு உடனே புடவையாகத் தெரிந்துவிடும். மணிகளுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. பிர்காவில் கண்ணாடி மணிகளோடு சூதுபவளமும் பளிங்கும் கிடைத்திருக்கின்றன. பழைய பாசிமணி மாலைகளைப் பிரித்துக் கோத்தால் போதும்.

இதன் மறை செலவு நேரம்தான், அதுவும் எதிர்பாராத இடத்தில். தைப்பதைவிட, துணியைத் துவைப்பது, இஸ்திரி போடுவது, குறிப்பது, வெட்டுவது, ஓரம் மடிப்பது ஆகியவை அதிக நேரத்தை எடுத்தன. கம்பளி, லினன் இரண்டுக்குமாக ஏறத்தாழ 230 டாலரும், இருவர் உடைக்கும் சேர்த்து நாற்பத்தைந்து மணி நேரமும் ஆயின. வார இறுதிகளில் மட்டும் தைப்பவர்கள் செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். ஆனால் மூன்று வழிகளிலும் இந்த உடைதான் இன்றும் எங்களிடம் உழைத்துக்கொண்டிருக்கிறது: கம்பளிப் போர்வை குளிர்காலத்தில் சோபாவில் கிடக்கிறது, லினன் உள்ளாடையை நான் கோடையில் கவுனாக அணிகிறேன். இரண்டு மூன்று ஆண்டுகள் இதே வேடத்தைப் போட எண்ணுபவர்களும் ஐரோப்பிய இடைக்காலத்தை நடித்துக் காட்டும் சந்தை விழாக்களுக்குச் செல்பவர்களும் இந்த வழியையே எடுக்க வேண்டும்.

## மூன்றாம் வழி: ஃபோம் கவசமும் செயற்கை ரோமமும்

திரையில் காணும் வைக்கிங் தோற்றம் இந்த வழியில்தான் வரும். உடற்பயிற்சிக்கூடத் தரைக்குப் போடும் ஈவிஏ ஃபோம் தகடுகளை வெட்டி, சூட்டுக்காற்று வீசும் ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்து, காண்டாக்ட் சிமென்ட் என்னும் பசையை இரு பரப்பிலும் தடவி ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்து இணைத்து, மேலே பூச்சடித்து, வெள்ளி அல்லது பழுப்பு வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்தால், நான்கடி தொலைவில் அது இரும்பாகவும் தோலாகவும் தெரியும். தோளில் செயற்கை ரோமத் துணியை வைத்தால் உருவம் பெரிதாகிறது. புகைப்படத்தில் இதற்கு ஈடான வழி இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

உடுத்தியவருக்கு அப்படியில்லை. மார்புக் கவசத்தோடு என் கணவரால் காரில் இருக்கைப் பட்டையைப் போட முடியவில்லை. கழற்றிப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போய், விருந்து வீட்டு வாசலில் நின்று மறுபடி கட்டினோம். உட்கார்ந்தால் இடுப்புத் தகடு மேலேறிக் கழுத்தில் இடிக்கும். வெளியில் நிற்கும்போது குளிர், உள்ளே நுழைந்ததும் வியர்வை. ஃபோம் காற்றை விடாது, அதே நேரம் கைகளையும் கால்களையும் மூடுவதுமில்லை. செயற்கை ரோமமும் நெருப்புக்கு அருகில் செல்லத் தகாத பொருள். அதை வெட்டும்போது பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும். கத்தரியால் நறுக்கினால் மயிர் வெட்டுப்பட்டு விளிம்பு மொட்டையாகும், வீடெங்கும் ரோமம் பறந்து வாரக்கணக்கில் உணவிலும் படுக்கையிலும் கிடைக்கும்.

செலவிலும் இது ஏமாற்றும். தகடுகள் மலிவானவை, ஹீட் கன், பசை, பூச்சு, வண்ணங்கள், கூர் மாறாத பிளேடுகள், புகைவடிகட்டி முகமூடி ஆகியவற்றைச் சேர்த்தால் எங்களுக்கு 190 டாலரைத் தாண்டியது. காண்டாக்ட் சிமென்டின் ஆவி தலைசுற்றலைத் தரும், தீப்பிடிக்கவும் கூடியது. ஜன்னல் திறந்த அறையோ வாகனக் கொட்டகையோ இல்லாமல் அடுக்குமாடி வீட்டில், அதுவும் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்றே வற்புறுத்துவேன். விழா முடிந்த பிறகு கவசத்தை மடித்து வைக்கவும் முடியாது.

உடைப் போட்டியில் கலந்துகொள்பவர்கள், நின்றுகொண்டே இருக்கும் அரங்க நிகழ்ச்சிக்குச் செல்பவர்கள், கைவேலையில் ஏற்கெனவே ஈடுபாடும் கருவிகளும் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றது. துணித் தையலில் ஒருவருக்குச் சற்றும் விருப்பமில்லை, அட்டையிலும் வண்ணத்திலும்தான் கை ஓடும் என்றாலும் இதை எடுக்கலாம். ஆனால் மார்புக் கவசத்தை விட்டுவிட்டு, மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் மட்டும் செய்தால் அசைவுத் தொல்லை முழுவதும் நீங்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| | பழைய துணி | புதுத் தையல் | ஃபோம், ரோமம் |
|---|---|---|---|
| இருவருக்கும் செலவு (எங்கள் கணக்கு) | 80 டாலர் | 230 டாலர் | 190 டாலருக்கு மேல் |
| இருவருக்கும் நேரம் | 15 மணி, அலைச்சல் தனி | 45 மணி | 35 மணி, உலரும் நாட்கள் தனி |
| குளிர் | நன்கு தாங்கும் | மிக நன்கு தாங்கும் | தாங்காது |
| காரிலும் நாற்காலியிலும் | தொல்லையில்லை | தொல்லையில்லை | கழற்ற வேண்டியிருக்கும் |
| மழை | நனைந்தாலும் கெடாது | நனைந்தாலும் கெடாது | ஃபோம் தாங்கும், ரோமம் சிக்கலாகும் |
| பிறகு | போர்வை பயன்படும் | ஏறத்தாழ எல்லாம் பயன்படும் | இடத்தை அடைக்கும் |

## இருவரும் ஒரே வழியில் செல்ல வேண்டுமா

வேண்டியதில்லை. ஆனால் எந்த இணைப்பு கண்ணுக்குப் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலிரண்டு வழிகளும் எளிதில் கலக்கும். மனைவியின் உடை புதுத் தையலாகவும் கணவரின் உடை பழைய துணியாகவும் இருக்கலாம். ஒரே துணியில் சிறு பகுதியேனும் இருவரிடமும் இருந்தால் அவர்கள் ஒரே வீட்டினராகத் தோன்றுவார்கள். மனைவியின் உடை தைத்த சிவப்புக் கம்பளியின் மிச்சத்தில் கணவரின் கால்சுற்றுப் பட்டையைக் கிழித்தெடுப்பது நான் கண்ட மிக மலிவான இணைப்பு. மாறாக, ஒருவர் முழு ஃபோம் கவசத்திலும் மற்றவர் லினன் உடையிலும் நின்றால், ஒருவர் திரையிலிருந்தும் மற்றவர் அருங்காட்சியகத்திலிருந்தும் வந்தது போலிருக்கும். எங்கள் முதல் ஆண்டுப் படங்களில் இந்தக் குறை தெளிவாகத் தெரிகிறது.

யார் போர்வீரர், யார் வீட்டுத்தலைவி என்பதையும் வழக்கப்படி முடிவு செய்துவிட வேண்டாம். பிர்காவில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டப்பட்ட ஒரு கல்லறையில் வாள், கோடரி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகள் ஆகியவற்றோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தவரை நெடுங்காலம் ஆண் என்றே கருதினார்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு அவர் பெண் என்று காட்டியது. கேடயத்தை மனைவி ஏந்துவதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தோள்வார் உடையையே விரும்பும் பெண்கள் புரூச்சிலிருந்தோ இடுப்பிலிருந்தோ ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிடலாம். வைக்கிங் காலப் பெண்களின் கல்லறைகளில் சாவிகள் கிடைத்திருக்கின்றன, வீட்டின் பெட்டிகளும் களஞ்சியமும் யார் கையில் இருந்தன என்பதன் அடையாளமாக அவை பெரும்பாலும் கருதப்படுகின்றன. பழைய பித்தளைச் சாவிகள் கிடைத்தால் மிக நன்று.

புரூச் செய்வதற்கு ஒரு குறிப்பு. காற்றில் உலரும் களிமண்ணை இரண்டு பெரிய கரண்டிகளின் குவிந்த முதுகில் அழுத்தி, உலர்ந்த பிறகு எடுத்து, பித்தளை நிறம் பூசினால் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள புரூச்சுகள் கிடைக்கும். பின்னால் ஊசியை ஒட்டி அதில் உடையின் எடையைத் தொங்கவிடாதீர்கள், பசை விட்டுவிடும். வார்களைப் பொத்தானால் மாட்டி, புரூச்சை அதன்மேல் அணியாக மட்டும் தைத்துவிடுங்கள்.

வேலைப் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. தைப்பவர் ஒருவர் என்றால், துவைத்தல், இஸ்திரி, வெட்டுதல், பொத்தான், மணி கோத்தல், கேடயம் எல்லாம் மற்றவருடையவை. எங்கள் மூன்றாம் ஆண்டு வேலை அமைதியாக முடிந்ததற்கு இந்தப் பங்கீடு ஒன்றே காரணம்.

## எந்த வழியானாலும் கேடயமும் குறிகளும்

கேடயத்துக்கு அட்டையே போதும். பெரிய அட்டைப்பெட்டிகளிலிருந்து 80 சென்டிமீட்டர் வட்டங்கள் மூன்றை வெட்டி, உள்வரிகள் குறுக்காக அமையுமாறு அடுக்கி ஒட்டினால் வளையாது. நடுவே ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டிப் பின்னால் பிடி வைத்துவிடலாம். நோர்வேயில் 1880இல் தோண்டப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில், பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வண்ணமிட்டு வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. கணவருக்கு மஞ்சள், மனைவிக்குக் கறுப்பு என்று பிரித்துக்கொண்டால் அருகருகே நிற்கும்போது பொருள் கூடும். மழை வரும் இரவானால் இருபுறமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டை ஊறிவிடும்.

கேடயத்தில் வைக்கிங்குகளின் பழைய ரூன் எழுத்துகளை எழுத விரும்புபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஓதல் என்னும் எழுத்தும், மின்னல் போன்ற இரட்டை சிக் எழுத்தும், தீர் என்னும் அம்பு வடிவ எழுத்தும் நாஜிகளால் எடுத்தாளப்பட்டவை; இனவெறிக் குழுக்கள் இன்றும் பயன்படுத்துபவை. இணையத்தில் ‘வைக்கிங் சின்னங்கள்’ என்று தேடினால் இவை மற்றவற்றோடு கலந்தே வரும். அறியாமல் தீட்டிக்கொண்டு அலுவலக விருந்துக்குச் சென்றால் சக ஊழியர்களுக்கு அது உண்மையான அச்சத்தையும் வேதனையையும் தரும். வைக்கிங் காலத்தில் வழங்கிய பதினாறு எழுத்து வரிசையைக் கொண்டு இருவர் பெயர்களையும் எழுதிக்கொள்ளலாம். ஐயமிருந்தால் எழுத்துகளே வேண்டாம், பின்னிப் பிணைந்த கோட்டுக்கோலம் போதும். கோலத்தில் சிக்குக்கோடு போடத் தெரிந்த கைக்கு அது எளிதாக வரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அக்டோபர் 31க்கு ஒரு வாரம் முன்பு ஓர் இரவு இருவரும் முழு உடையுடன் வெளியே வந்து கால் மணி நேரம் நடந்து பாருங்கள். காரில் ஏறி இறங்குங்கள். கால்சுற்றுப் பட்டை அவிழ்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே உடல்வெப்ப ஆடை ஒன்று தேவைப்படுமா என்பதும், போர்வையின் ஊசி எடையைத் தாங்குமா என்பதும் அன்றே தெரிந்துவிடும். திருத்துவதற்கு ஒரு வார இறுதி கையில் இருக்கும்.